மைக் ஆவுடையப்பன் மனு

இந்த சீட்டுக்கு யாராவது வருகிறார்களா அண்ணாச்சி? இல்லையே? அப்போ கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. ஜன்னலோரம் உங்களுக்கே இருக்கட்டும். எனக்குக் குளிர்காற்று ஆகாது. தொண்டை இருக்கிறது பாருங்க, அது ஒன்றுதான் என் சொத்து.

என் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குமே? நன்றாக யோசிங்க. அவசரம் ஒன்றுமில்லை, பஸ் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். பாறைக்குளம் பக்கம் வந்திருக்கிறீர்களா? வந்ததே இல்லையா? அப்போ சரி. வந்திருந்தால் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. கோயில் கொடை, ஜவுளிக்கடை தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன கன்றுக்குட்டி, எதுவானாலும் ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு வருகிறவன் நான்தான். மைக் ஆவுடையப்பன். வெறும் ஆவுடையப்பன் என்று கேட்டால் எங்கள் ஊரில் நாலு பேரைக் காட்டுவார்கள். மைக் ஆவுடையப்பன் என்றால் ஒரே ஆள். முப்பத்தோரு வருஷம் அண்ணாச்சி. எங்கள் ஊரில் ஒருவர் இறந்துபோனால், நான் தெருவில் சொன்ன பிறகுதான் அவர் இறந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அதோ முன்னால், ஊதாச் சேலை, மடியில் மஞ்சள் பை, வறுகடலை தின்றுகொண்டு ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாளே, அது என் சம்சாரம். உலகம்மாள். துணைக்கு வருகிறாள். எனக்கு உடம்புக்கு முடியாமல் இருந்து இப்போதுதான் தேறியிருக்கிறது, தனியாக விட மாட்டேன் என்கிறாள்.

கலெக்டர் ஆபீசுக்குத்தான் போகிறோம். திங்கட்கிழமை அல்லவா, மனு வாங்குகிற நாள். என் மனு இதோ சட்டைப்பையில் இருக்கிறது. வழக்கு இதுதான்: என் குரலை எடுத்துவிட்டு வேறு ஒரு குரலைப் போட்டுவிட்டார்கள். எலிக்காய்ச்சல் அறிவிப்புக்கு. சிரிக்காதீங்க. பேரைக் கேட்டு முதலில் நானும்தான் சிரித்தேன். எலிக்குக் காய்ச்சல் வந்தால் நமக்கென்ன என்று.

முதலில் இருந்து சொல்கிறேன். ஐப்பசியில் மழை பிடித்தது பாருங்க, எங்கள் பெரியகுளம் நிரம்பி மறுகால் போய்விட்டது. வயலில் வளை தோண்டி இருந்த எலியெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குள் குடி வந்துவிட்டன. எங்கள் வீட்டு அரிசிப்பானை வரைக்கும் ஒன்று வந்து விசாரித்துவிட்டுப் போயிற்று. தெற்குத் தெருவில் களையெடுக்கிற ரெண்டு பேருக்கு விடாத காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் எலிக்காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்தர் பிழைக்கவில்லை. அந்த மரண அறிவிப்பையும் நான்தான் சொன்னேன். நன்றாக வந்தது.

அதற்கு மறுநாள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஜெபசிங் என்னைத் தேடி வந்தார். சின்ன வயசு, நல்ல மனுஷர். ஆனால் தமிழ்ச்சுவை மட்டும் கிடையாது. ஒரு தாளை நீட்டினார். அதில் ஐந்தே வரி. எலி சிறுநீர் மழைத்தண்ணீரில் கலந்திருக்கிறது. தேங்கின தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். காலில் புண் இருந்தால் இறங்கவே கூடாது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வயல்வேலைக்குப் போகிறவர்கள் வாரம் ஒருமுறை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

"இது அறிவிப்பா சார், தந்தியா?" என்று கேட்டேன்.

"இந்த அஞ்சு வரியும் சனங்க காதுல விழுந்தாப் போதும்ணே."

"விழுந்தாப் போதுமா? விழுந்தது எந்திரிச்சு நடக்க வேண்டாமா?"

அவர் போனைப் பார்த்துக்கொண்டார். நான் தாளை வாங்கி வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செப்பனிட்டேன்.

முதலில் அந்தச் சிறுநீர். சொல்லுங்க அண்ணாச்சி, தாய்மார்கள் வாசலில் நிற்கிற நேரம், மைக்கில் போய்ச் சிறுநீர் என்று சொல்லலாமா? தூக்கிவிட்டேன். அந்த இடத்தில் 'மாயத்துளி' என்று போட்டேன். எலி என்று மொட்டையாகச் சொன்னால் யாருக்குப் பயம் வரும்? 'மீசை வைத்த எமன்' என்று போட்டேன். கேளுங்க, மெதுவாகத்தான் சொல்கிறேன், கண்டக்டர் திட்டுவார். "அன்பார்ந்த பாறைக்குளத்துப் பெருங்குடி மக்களே! வருகிறான்... வருகிறான்... மீசை வைத்த எமன் வருகிறான்! வரப்பிலே வருவான், வாய்க்காலிலே வருவான், உங்கள் அடுப்படிப் பரணிலே பாய் விரித்துப் படுத்திருப்பான்! அவன் தெளிக்கும் மாயத்துளி மேனியிலே பட்டால், கெண்டைக்கால் கதறும்! கண்ணிரண்டும் கோவைப்பழம் ஆகும்! உடம்பு உலைக்களம் ஆகும்!" எப்படி? உங்களுக்கே கையில் மயிர் கூச்செறிகிறதல்லவா? குளிரா? சரி, ஜன்னலைச் சாத்துங்க.

ஊரே வெளியே வந்துவிட்டது. பிள்ளைகள் ஆட்டோ பின்னாலேயே ஓடி வந்தன. மேலத் தெருவில் ஒரு ஆச்சி ஆட்டோவை நிறுத்தி, "ஏ மைக்கு, படம் எந்தத் தியேட்டர்ல ஓடுது?" என்று கேட்டாள். அந்த அளவுக்குக் குரல் எடுபட்டிருக்கிறது. பிள்ளையார் கோயில் தலைவர் மட்டும் வந்து, சாமி வாகனத்தை எமன் என்று சொல்லலாமா என்று சண்டை போட்டார். பெரிய மனுஷர், பகைக்க முடியுமா? மறுநாளே ஒரு வரி சேர்த்துவிட்டேன். "பிள்ளையாரைச் சுமக்கும் வாகனத்தை யாம் குறிப்பிடவில்லை" என்று.

ஒரு வாரம் கழித்து ஜெபசிங் வந்தார். "மாத்திரை வாங்க இதுவரைக்கும் ஏழு பேருதாம்ணே வந்துருக்காங்க" என்றார்.

"கைத்தட்டு எத்தனை பேர் தட்டுனாங்கன்னு கேளுங்க சார்" என்றேன்.

அவர் சட்டைப்பையில் இருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, "நீங்களும் தினமும் தண்ணிக்குள்ளதான் சுத்துதீங்க. வாரத்துக்கு ரெண்டு போட்டுக்கிடுங்க" என்று கையில் திணித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர் என்று சொன்னேனே. ஆனால் மாத்திரை போட்டால் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். அதற்காக அதை வீணாக்கவில்லை. எங்கள் ஆம்ப்ளிஃபயரில் சுவிட்ச் லூசு. போட்டால் நிற்காது, பேச்சுக்கு நடுவில் தானே அணைந்துவிடும். அந்த அட்டையை நாலாக மடித்து சுவிட்ச் இடுக்கில் செருகினேன் பாருங்க, சும்மா கச்சிதம். அன்றைக்கு அப்புறம் அணையவே இல்லை. அணைக்கவும் முடியவில்லை, அது வேறு விஷயம்.

இப்போது என் கால் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. செருப்புக் காலோடு மைக் பிடிக்க மாட்டேன். முதன்முதலில் மைக்கைத் தொட்டது அம்மன் கோயில் கொடையில். கோயிலுக்குள் யார் செருப்புப் போடுவார்கள்? அன்றைக்கு வெறுங்காலோடு பிடித்தேன், குரல் கணீரென்று வந்தது. அப்படியே வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, சட்டமும் இல்லை. மைக் என்றால் எனக்கு சாமிதான். ஆட்டோவில் ஏறினதும் செருப்பைக் கழற்றி இசக்கி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவேன். இசக்கிதான் ஆட்டோக்காரர், என் வயசுச் சோட்டு ஆள்.

ஒரு நாள் குளத்துக்கரைத் தெருவில் போகும்போது முழங்கால் தண்ணீர். ஆட்டோ நின்றுவிட்டது.

"ஏ ஆவுடை, இறங்கித் தள்ளு" என்றார் இசக்கி.

இறங்கினேன். தொழிலை நிறுத்த முடியுமா? ஒரு கையால் ஆட்டோவைத் தள்ளுகிறேன், ஒரு கையில் மைக். "வெறுங்காலோடு தேங்கிய நீரில் இறங்காதீர்கள்! இறங்காதீர்கள்! இறங்காதீர்கள்!" மூன்று தடவை, ஒவ்வொன்றும் முந்தினதைவிட ஒரு படி ஏற்றி. ரெண்டு பக்கமும் சனம் படிக்கட்டில் நின்று பார்க்கிறது. காலில் பெருவிரல் இடுக்கில் ஒரு சேற்றுப்புண் வேறு, சுள்ளென்று எரிகிறது. நான் முகத்தில் காட்டவில்லை. ஒரு அம்மா படியில் நின்றுகொண்டு, "முதல்ல நீங்க மேல ஏறுங்க மைக்காரரே!" என்று கத்தினாள். பாருங்க, சனங்களுக்கு என் மேல் எவ்வளவு பிரியம்.

அதற்குப் பத்து நாள் கழித்து எனக்குக் காய்ச்சல் வந்தது.

மழையில் நனைந்த காய்ச்சல்தான் என்று சுக்குக் கசாயம் குடித்தேன். கெண்டைக்கால் வலித்தது. ஆட்டோ தள்ளினவனுக்கு வலிக்காமல் என்ன செய்யும்? உலகம்மாள் தைலம் போட்டுத் தேய்த்தாள். கண் சிவந்தது. ஊரில் கண்வலி இருந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். என்ன, ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? எனக்குத் தெரியாதா என்கிறீர்களா? அதைச் சொன்னதே நான்தானே! ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லியிருப்பேன். ஆனால் சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது அண்ணாச்சி. சொல்லும்போது என் கவனமெல்லாம் எந்த இடத்தில் மூச்சு எடுப்பது என்பதில் இருக்கும். அர்த்தத்தையும் சேர்த்துக் கவனிக்க ஆரம்பித்தால் சுதி போய்விடும்.

நான் படுத்துவிட்டதால் இசக்கி பழைய பதிவை பென் டிரைவில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். ஜெபசிங் முதல் வாரமே என்னைப் பேசச் சொல்லிப் பதிந்து வைத்திருந்தார், நல்லதாயிற்று. நாலாம் நாள் காலையில் நான் பாயில் கிடக்கிறேன். உலகம்மாள் உள்ளே ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் தெருவுக்கு ஆட்டோ வருகிறது. என் குரல். முதன்முதலாக என் குரலை நானே படுத்துக்கொண்டு கேட்கிறேன். குறையும் தெரியத்தான் செய்தது. 'கண்ணிரண்டும்' என்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கலாம்.

அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். இந்த முப்பது வருஷத்தில் என் அறிவிப்பை அவள் நின்று கேட்டதே கிடையாது. 'வீட்ல பேசுதது பத்தாதா' என்பாள். அன்றைக்கு அப்படியே சிலை மாதிரி நிற்கிறாள்.

"கெண்டைக்கால் கதறும்னு சொல்லுதே. காலையில எங்கிட்ட இதைத்தானே சொன்னீங்க?"

"நல்ல வரிடி. அதான் நாக்குல வந்திருக்கும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். "இசக்கி அண்ணே, நில்லுங்க! இன்னொரு தடவை போடுங்க! மறுபடியும் போடுங்க!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது அண்ணாச்சி. முப்பது வருஷம் கழித்து என் சம்சாரம் என் குரலை ஒன்ஸ்மோர் கேட்கிறாள். மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் உள்ளே வந்து, "இந்த மாயத்துளி மாயத்துளின்னு சொல்லுதீங்களே, அது என்னது?" என்றாள்.

"அது... எலி ஒண்ணுக்கு."

"அதைச் சொல்லக் கூடாதாக்கும்?" என்றாள். பெயரைச் சொல்லிக்கூட அதட்டாதவள், அன்றைக்குக் கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் ஏற்றினாள். இசக்கி மைக்கை அணைக்கப் பார்க்கிறார், அணையவில்லை. மாத்திரை அட்டைதான் இறுக்கிப் பிடித்திருக்கிறதே. ஆஸ்பத்திரி வரைக்கும் என் தலைக்கு மேலே என் குரல் முழங்கிக்கொண்டே வருகிறது. வருகிறான், வருகிறான் என்று. ஊர் வெளியே வந்து நின்று, வருகிறவனைப் பார்த்தது. நான் படுத்தபடியே ஒரு கும்பிடு போட்டேன்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் கிட்னி நின்றிருக்கும் என்றார். ஏற்கெனவே பாதி நின்றுதான் இருந்தது. கண் மஞ்சள், ஒண்ணுக்குச் சரியாகப் போகவில்லை. "மாத்திரை குடுத்தாங்களா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இசக்கி ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரில் இருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்து காட்டினார். நாலாக மடிந்து, மாத்திரை ஒன்றுகூடக் குறையாமல். டாக்டர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. படித்தவர்கள் சில நேரம் ரொம்ப அமைதியாக இருப்பார்கள்.

அந்த முதல் மூன்று நாள்தான் அண்ணாச்சி... குரல் வரவில்லை. வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. சாவுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. செத்தால் அறிவிப்புச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கவலைப்பட்டேன், அது உண்மை. ஆனால் குரல் இல்லாமல் பிழைத்துக் கிடந்தால்? உலகம்மாள் ஒரு பிளாஸ்டிக் குவளையை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு ஒண்ணுக்குப் போகிறேன் என்று அளந்துகொண்டே இருந்தாள். நாலாம் நாள் மத்தியானம் குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "எம்மா நர்சம்மா! முக்காலுக்கு வந்துட்டு!" என்று கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் முகத்தைச் சேலையில் துடைத்தாள். வேர்வையாக இருக்கும். மின்விசிறி சரியாகச் சுற்றவில்லை.

பதினோரு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் ஜெபசிங் பார்க்க வந்தார். என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று உலகம்மாளிடம் கேட்டார். ஊர்ப் பொம்பளைகளிடம் சொல்கிற மாதிரி சொல்லச் சொன்னார், அவள் பாட்டுக்குச் சொன்னாள். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். எப்போதும் போனைப் பார்க்கிறவர்தானே என்று நான் கவனிக்கவில்லை. போகும்போது, "அக்கா, இதை வெளியில போட்டுக்கிடலாமா?" என்றார். "நாலு பேருக்கு உதவும்னா போடுங்க" என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குக் குரல் வரவில்லை, அது சரி.

வீட்டுக்குத் திரும்புகிற அன்றைக்கு இசக்கி ஆட்டோவில் ஏறுகிறேன், குழாயில் ஒரு பொம்பளைக் குரல்! சுதி கிடையாது, மூச்சு எடுக்கிற இடம் தெரியாது, 'அன்பார்ந்த' என்று ஒரு மரியாதை கிடையாது. பின்னால் நர்சு 'ஆறாம் நம்பர் பெட்' என்று கூப்பிடுவது வேறு கேட்கிறது. இதுதான் அந்த அறிவிப்பு, எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது:

"எக்கா, எம்மா, கேட்டுக்கிடுங்க. எலி ஒண்ணுக்குப் போகும்லா, அது தண்ணியில கலந்து கெடக்கு. எங்க வீட்டுக்காரரு சேத்துப்புண்ணோட செருப்பில்லாம அந்தத் தண்ணியில நின்னாரு. காய்ச்சல் வந்துது, கெண்டைக்கால் வலிச்சுது, கண்ணு செவந்துது. நான் தைலம் போட்டேன். நான் செஞ்சது தப்பு. நீங்க தைலம் போடாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. அவருக்கு மாத்திரை குடுத்தாங்க, அவரு திங்கல. நீங்க தின்னுருங்க. இவ்வளவுதான். வச்சிருதேன்."

வச்சிருதேன்! அறிவிப்பை இப்படியா முடிப்பார்கள்?

ஆமாம் அண்ணாச்சி. அவளேதான். அதோ கடலைத் தொலியை மஞ்சள் பைக்குள்ளேயே போடுகிறாள் பாருங்க, அவளேதான். என் இடத்தைப் பிடித்தது என் வீட்டுக்காரி. அந்த வீட்டுக்காரர் யார் என்று ஊருக்கே தெரியும். டீக்கடையில் உட்கார்ந்தால், "மாத்திரை தின்னாச்சா மைக்காரரே?" என்கிறார்கள். சின்னப் பிள்ளைகூடக் கேட்கிறது!

நான் கேட்கிறேன், இதில் என்ன இருக்கிறது என்று கூட்டம் கூடுகிறது? மறுநாளே மாத்திரைக்கு வரிசை, ஆஸ்பத்திரி வாசல் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டதாம். தெற்குத் தெரு கோயில்பிச்சைக்குக் காய்ச்சல் வந்த ரெண்டாம் நாளே அவன் பெண்டாட்டி, உலகம்மாக்கா சொன்ன மாதிரியே இருக்கிறது என்று தூக்கிக்கொண்டு ஓடினாளாம். பிழைத்துவிட்டான். அவள் வந்து ஒரு தார் வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனாள். உலகம்மாளிடம். என் குரலைக் கேட்டு யாராவது ஒரு சீப்புக் கொடுத்திருக்கிறார்களா? பழத்தை நானும் தின்றேன், இல்லை என்று சொல்லவில்லை. ரெண்டு.

ஆனால் நியாயத்தைச் சொல்லுங்க. உலகம்மாளுக்கு விஷயத்தை உணர்த்தியது யார்? என் குரல். 'கெண்டைக்கால் கதறும்' என்ற என் வரி. என்னைக் காப்பாற்றினது நான்தானே? அதைத்தான் மனுவில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு இன்னும் கை நடுக்கம் போகவில்லை, நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினாள். தனக்கு எதிரான மனு என்று தெரிந்தும் முகம் சுளிக்காமல் எழுதினாள், அந்தக் குணத்தைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று மணி நேரம் சொன்னேன். 'மேதகு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களின் பொற்பாதங்களுக்கு' என்று தொடங்கும். நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். ஒரு தடவை வாசித்துப் பாருங்களேன், பிழை இருந்தால் சொல்லுங்க. எனக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்தெல்லாம் நெளியும். கண்ணாடியை எடுத்து வைக்கச் சொன்னேன், மறந்துவிட்டேன் என்கிறாள். ஒன்றையும் மறக்காதவள்.

இந்தாங்க. ஆமாம், ஒரே தாள்தான். சின்ன எழுத்தாக எழுதி அடக்கிவிட்டேன் என்றாள்.

என்ன, பெரிய எழுத்தா? நாலே வரியா? அப்போ பின்பக்கம் பாருங்க. ஒன்றும் இல்லையா? பொற்பாதங்கள் இல்லையா?

சரி, இருக்கிறதை வாசிங்க.

...

மறுபடியும் வாசிங்க அண்ணாச்சி. கொஞ்சம் மெதுவாக.

"ஐயா, எங்க வீட்டுக்காரர் ஆவுடையப்பனுக்கு மைக் வேலையைத் திரும்பக் கொடுங்கள். பேசாமல் இருந்தால் அவருக்கு உடம்புக்கு ஆகாது. நான் சொன்னதை அவர் அவரோட குரலில் சொல்லட்டும். செருப்புப் போட்டுக்கொண்டுதான் பேசுவார், அதற்கு நான் பொறுப்பு. இப்படிக்கு, உலகம்மாள்."

இன்னொரு தடவை... வேண்டாம், போதும். மடித்துக் கொடுங்க. பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது.

'அதற்கு நான் பொறுப்பு' என்கிற இடத்தில் நீங்கள் சரியாக மூச்சு எடுத்தீர்கள். உங்களுக்கும் குரல் இருக்கிறது.

அடடா, பாருங்க, நேற்றைய மழைக்கு ஸ்டாண்ட் முழுக்கத் தண்ணீர். படிக்கட்டு வரைக்கும் நிற்கிறது. எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்கிறார்கள். அதுதான் சரி, நனைந்தால் வார் அறுந்துவிடும். இதுவும் புதுச்செருப்பு, அவள் வாங்கிக் கொடுத்தது, நானும் கழற்றி...

கேட்டதா? கேட்டதா அண்ணாச்சி? "யாரும் செருப்பைக் கழத்தாதீங்க! போட்டுக்கிட்டே இறங்குங்க!" முன்சீட்டில் இருந்து கத்துகிறாள், மைக் இல்லாமல், ஆம்ப்ளிஃபயர் இல்லாமல். டிரைவர்கூடத் திரும்பிப் பார்க்கிறார். கண்டக்டர் காலைப் பாருங்க, கழற்றினதை மறுபடியும் மாட்டுகிறார். கடைசி சீட்டுப் பிள்ளைகள்கூட மாட்டுகிறார்கள். நீங்களும் மாட்டிவிட்டீர்களே!

சுதி கொஞ்சம் கூட இல்லை. ஆனால் எடுபடுகிறது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதோ, நானும் போட்டுக்கொண்டேன். கையில் மைக் இல்லையே, அதனால்தான். அவள் சொன்னதற்காக என்று நினைத்துக்கொள்ளாதீங்க.